தேயிலைக்கு எவ்வளவு சூடு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேநீர் தயாரிக்கும்போது தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்பது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் தரப்பட்டுள்ளன.

கேள்வி (வாசகி, திருச்சி): எந்த நிறுவனத்தின் கிரீன் டீயை வாங்கினாலும் எனக்குக் கசப்பாகவே அமைகிறது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, இலையைப் போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டுகிறேன். கொதிநீரை ஊற்றினால் இலை கருகிவிடும் என்கிறார் என் தோழி. அது உண்மையா?

பதில்: இலை கருகுவதில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்த இலையோ தொழிற்சாலையிலேயே நீராவியில் அவிக்கப்பட்டோ, சூடான சட்டியில் வறுக்கப்பட்டோ, அதற்குக் குறையாத சூட்டை ஏற்கெனவே கண்டுவிட்டது. ஆனால் கொதிநீர்தான் உங்கள் கோப்பையைக் கசக்கவைக்கிறது என்ற அளவில் தோழி சொன்னது சரியே. இலைக்குள் இருப்பவற்றில் எது, எவ்வளவு, எத்தனை விரைவில் வெளியே வருகிறது என்பதைத் தண்ணீரின் சூடு தீர்மானிக்கிறது.

தேயிலையின் சுவையில் மூன்று பொருள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முதலாவது தியானின் என்ற அமினோ அமிலம். 1949-ஆம் ஆண்டு ஜப்பானில் கண்டறியப்பட்ட இது, நாவில் இதமான இனிமையையும் ஒருவகை நிறைவையும் தருகிறது. இரண்டாவது துவர்ப்பையும் கசப்பையும் தரும் கேட்டெச்சின்கள். மூன்றாவது, தானே கசப்பான காஃபின். தியானின் குளிர்ந்த நீரில்கூட எளிதாகக் கரைந்து வந்துவிடும். கேட்டெச்சின்களும் காஃபினும் அப்படியல்ல. சூடு ஏற ஏறத்தான் அவை வேகமாக இறங்கும். ஆகவே 70 டிகிரி நீரில் ஒன்றரை நிமிடம் ஊறிய இலை தன் இனிமையில் பெரும்பகுதியையும் துவர்ப்பில் ஓரளவையும் தந்திருக்கும். அதே இலை கொதிநீரில் ஐந்து நிமிடம் கிடந்தால் துவர்ப்பும் கசப்பும் மேலோங்கி, இனிமை இருந்தும் தெரியாமல் போய்விடும்.

கறுப்புத் தேயிலைக்கு இந்தக் கவலை குறைவு. இலையைச் சுருட்டிக் காற்றுப்பட வைக்கும்போது கேட்டெச்சின்களில் பெரும்பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து, நிறமும் திடமும் தரும் வேறு சேர்மங்களாக மாறிவிடுகிறது. பச்சைத் தேயிலையில் அந்த மாற்றத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுவதால் கேட்டெச்சின்கள் அப்படியே நிற்கின்றன. அதனால்தான் இந்த இலைக்கு மட்டும் இத்தனை நிதானம் தேவைப்படுகிறது.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது நேரத்தைக் குறைப்பது. அடுத்தது சூட்டைக் குறைப்பது. 150 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை போதும். ஜப்பானிய செஞ்சா வகைக்கு 70 முதல் 80 டிகிரியும் ஒரு நிமிடத்திற்குச் சற்று மேலும், சீனாவின் லாங்ஜிங் போலச் சட்டியில் வறுத்த வகைக்கு 80 முதல் 85 டிகிரியும் இரண்டு நிமிடமும், நீலகிரிப் பச்சைத் தேயிலைக்கு 80 டிகிரியும் இரண்டு நிமிடமும் வைத்துத் தொடங்குங்கள். பையில் அடைத்து வருவது பெரும்பாலும் நுணுங்கிய இலை. அது மிக விரைவில் இறங்கிவிடும் என்பதால் ஒரு நிமிடத்திலேயே பையை எடுத்துவிட வேண்டும்.

பச்சைத் தேயிலை என்ற பெயரின் கீழ் வரும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறுவடைக்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் நிழலிட்டு வளர்க்கப்படும் கியோகுரோவில், வெயில் படாததால் தியானின் கேட்டெச்சினாக மாறுவது தடைப்பட்டு, இனிமை மிகுந்து நிற்கிறது. அந்த இனிமையைத் தனியே பெறுவதற்காகவே ஜப்பானியர் அதற்கு 50 முதல் 60 டிகிரி நீரைப் பயன்படுத்துகிறார்கள். அதே நாட்டில் வறுத்த ஹோஜிச்சாவுக்கும், பொரித்த அரிசி கலந்த கென்மைச்சாவுக்கும் கொதிநீரையோ அதற்குச் சற்றுக் குறைந்த சூட்டையோ தயங்காமல் ஊற்றுகிறார்கள். வறுபட்ட மணம் எழும்ப அந்தச் சூடு வேண்டும். பெட்டியின் மேல் இருக்கும் "கிரீன் டீ" என்ற சொல்லைவிட, உள்ளே இருக்கும் இலை எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதே முக்கியம்.

கேள்வி (வாசகர், சேலம்): 80 டிகிரி, 70 டிகிரி என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் வெப்பமானி இல்லை. இதற்காக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கொதிநீரோடு அறைச்சூட்டு நீரைக் கலப்பது எளிய வழி. நம் ஊர்களில் குடத்துத் தண்ணீர் ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கும் என்று கொள்வோம். மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு இந்த நீரைச் சேர்த்தால் கணக்குப்படி 82 அல்லது 83 டிகிரி வரும். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு சேர்த்தால் 77 டிகிரி. சம அளவில் கலந்தால் 65 டிகிரி. பாத்திரமும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் உண்மையில் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். தேநீருக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. கலக்கும் நீர் குடிக்கத் தகுந்ததாக, முடிந்தால் முன்பே காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும்.

இன்னொரு வழி, நாம் காபிக்கும் பாலுக்கும் அன்றாடம் செய்கிற ஆற்றுதல்தான். ஜப்பானில் இதற்கென்றே யுசாமாஷி என்னும் சிறிய வாயகன்ற பாத்திரம் உண்டு. கொதிநீரை அதில் ஊற்றி, பிறகு கோப்பைகளில் ஊற்றி, அங்கிருந்து இலை இருக்கும் கெண்டிக்கு மாற்றுவார்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு குளிர்ந்த பாத்திரத்திற்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி குறையும். நம் வீட்டு டபராவும் டம்ளரும் அந்த வேலைக்கு முற்றிலும் போதுமானவை. கெண்டியைத் திறந்து வைத்துக் காத்திருப்பதை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. பாத்திரத்தின் அகலம், நீரின் அளவு, மின்விசிறியின் காற்று என எத்தனையோ விஷயங்களால் ஆறும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும்.

வெப்பமானி வருவதற்கு முன்பு மனிதர்கள் கண்ணையும் காதையும் நம்பினார்கள். 8-ஆம் நூற்றாண்டில் சீனாவில் தேயிலையைப் பற்றி நூல் எழுதிய லூ யூ, கொதிநிலையை மூன்றாகப் பிரித்தார்: மீன் கண் போன்ற குமிழிகள் எழுந்து மெல்லிய ஓசை கேட்பது முதல் கொதி, பாத்திரத்தின் ஓரங்களில் முத்துக் கோத்தாற்போலக் குமிழிகள் தொடர்ந்து எழுவது இரண்டாம் கொதி, அலை புரள்வது போலப் பொங்குவது மூன்றாம் கொதி, அதற்கும் மேல் கொதித்த நீர் முதிர்ந்துபோனது, குடிக்கத் தகாதது. அவர் காலத்துத் தேநீர் பொடித்த இலையைக் கொதிக்கும் நீரிலேயே இட்டுத் தயாரிக்கப்பட்டது. ஆகவே அவருடைய வரையறையை இன்றைய பச்சைத் தேயிலைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும் கவனிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். அடியில் சிறு சிறு குமிழிகள் ஒட்டி நிற்பது நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவது. அப்போது தண்ணீர் கொதிநிலைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. பிறகு கெண்டி இரையத் தொடங்கும். அடியில் பிறக்கும் நீராவிக் குமிழிகள் மேலே உள்ள சூடு குறைந்த நீரில் நொறுங்குவதால் எழும் ஓசை அது. முழுக் கொதி வந்ததும் குமிழிகள் நொறுங்காமல் மேலே வந்துவிடுவதால் இரைச்சல் தணிந்து, தளபுளவென்ற ஓசையாக மாறும். இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு ஒரு முறை ஆற்றினால், சட்டியில் வறுத்த பச்சைத் தேயிலைக்குப் பொருத்தமான சூடு ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

கேள்வி (வாசகர், ஊட்டி): சமவெளியில் உள்ள உறவினர் வீட்டில் போட்டால் அடர்த்தியாக இறங்கும் அதே கறுப்புத் தேயிலை, எங்கள் வீட்டில் வெளிறியே இறங்குகிறது. தண்ணீர் மாறுவதாலா, அல்லது மலையின் உயரத்தாலா?

பதில்: உயரத்திற்கு இதில் நிச்சயமாகப் பங்கு உண்டு. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை 1 டிகிரி இறங்குகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் தீயை எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. குன்னூரில் 94 டிகிரியை ஒட்டியும், இலங்கையின் நுவரெலியாவிலும் கிட்டத்தட்ட அதே அளவிலும் தண்ணீர் கொதிக்கிறது. தேயிலை நன்றாக விளைவதற்கு உதவுகிற அதே உயரம், அதைத் தயாரிக்கும் நீரின் சூட்டைக் குறைத்துவிடுகிறது.

இத்துடன் குளிரும் சேர்ந்துகொள்கிறது. 15 டிகிரியில் கிடக்கும் பீங்கான் கெண்டியில் 92 டிகிரி நீரை ஊற்றினால் அது உடனே 80-களுக்கு இறங்கிவிடும். மூன்று நிமிடம் மூடியில்லாமல் வைத்தால் இன்னும் இறங்கும். கறுப்புத் தேயிலையின் நிறமும் திடமும் தரும் பெரிய மூலக்கூறுகள் நன்றாகக் கரைய இந்தச் சூடு போதாது. ஆகவே முதலில் கெண்டியில் கொதிநீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். அடுத்து இலையைப் போட்டு, பொங்கிக்கொண்டிருக்கும் நீரை நேராக அதன் மேல் ஊற்றி, மூடி, துணியால் சுற்றி வையுங்கள். சமவெளியில் மூன்று நிமிடம் என்றால் நீங்கள் நான்கு அல்லது ஐந்து நிமிடம் வைக்கலாம். அப்போதும் மனம் நிறையவில்லை என்றால் இலையைச் சிறிது கூட்டுவது நல்லது. நீலகிரியின் குளிர்கால இலையில் செய்த ஆர்தடாக்ஸ் தேயிலைக்கோ (தூளாக நொறுக்காமல் இலையாகவே சுருட்டிச் செய்வது) உங்கள் ஊரின் கொதிநிலையே இசைவானது. அதன் மலர் மணம் 90 முதல் 95 டிகிரிக்குள் அழகாக வெளிப்படும்.

சேலம் வாசகருக்குச் சொன்ன கலப்புக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். உங்கள் கொதிநீர் மூன்று பங்கும் 15 டிகிரித் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் 73 டிகிரிதான் வரும். 80 டிகிரி வேண்டுமென்றால் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு சேர்க்க வேண்டும்.

கேள்வி (வாசகி, மதுரை): சூடு குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள், டீக்கடையில் தூளைக் கொதிநீரிலேயே வைத்திருப்பதையும் வீட்டில் பாலோடு கொதிக்கவிடுவதையும் தவறு என்பார்களா?

பதில்: அப்படிச் சொல்பவர்கள் நம் தேயிலையை அறியாதவர்கள். நாம் அன்றாடம் பயன்படுத்தும் டீத்தூள் சி.டி.சி. முறையில், அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் பல் உருளைகளின் வழியே செலுத்திச் செய்யப்படுவது. அசாமில் 1930-களில் பரவத் தொடங்கிய இந்த முறை, குறைந்த தூளில் விரைவாகவும் அடர்த்தியாகவும் இறங்கும் தேநீரைத் தருகிறது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிணைத்துக்கொள்வதால், பால் சேர்ந்த பின்னும் தேயிலையின் குரல் கேட்க வேண்டுமென்றால் டிகாக்‌ஷன் திடமாக இருந்தாக வேண்டும். அதற்குக் கொதிநீரே தேவை. 80 டிகிரி நீரில் டீத்தூளை ஊறவைத்துப் பால் சேர்த்தால் நிறமுள்ள பால்தான் மிஞ்சும்.

ஆனாலும் கொதிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. தூளை முதலில் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு பாலைச் சேர்த்து ஒரு பொங்கு வந்ததும் இறக்கிவிடுவது என் பரிந்துரை. பத்து நிமிடம் கொதித்த தூள் கடுப்பைத்தான் கூட்டும். இஞ்சி போடுவதானால் அதைத் தண்ணீரிலேயே முதலில் கொதிக்கவிடுங்கள். இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருப்பதால் பச்சையாகப் பாலில் விழுந்தால் பால் திரிந்துவிடக்கூடும், கொதிநீரில் அந்த நொதி செயலிழந்துவிடும். ஏலக்காயைக் கடைசியில் தட்டிப் போட்டு மூடுங்கள்.

கேள்வி (வாசகர், ஹட்டன்): தேயிலைத் தொழிற்சாலையில் தேநீரைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் எல்லா மாதிரிகளுக்கும் கொதிநீரையே ஊற்றுவதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். நிபுணர்களே அப்படிச் செய்யும்போது சூட்டைக் குறைக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

பதில்: மிகச் சரியான கேள்வி. அவர்கள் பின்பற்றும் முறைக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டுத் தரமும் இருக்கிறது: 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, அப்போதே கொதித்த நீர், 6 நிமிடம். பச்சைத் தேயிலையைத் தரம் பார்க்கும் சீன முறையிலும் கொதிநீரே ஊற்றப்படுகிறது. ஊறும் நேரம் மட்டும் 4 நிமிடமாகக் குறைகிறது. ஆனால் இது ரசித்துக் குடிப்பதற்காக வகுத்த முறையன்று. ஒரு மாதிரியை இன்னொன்றோடு ஒப்பிட, குறை இருந்தால் அதை மறைக்காமல் வெளியே இழுக்க, எல்லாக் கோப்பைகளுக்கும் ஒரே கடுமையான நிபந்தனையை விதிக்கிறார்கள். சுவைப்பவர் ஒரு கரண்டியளவு உறிஞ்சி, வாயில் பரப்பி, துப்பிவிடுகிறார். அவருக்கு இலையின் உண்மை வேண்டும். நமக்கு முழுக் கோப்பை இன்பம் வேண்டும்.

அந்த முறையிலிருந்து நாம் பெறக்கூடிய ஒரு பயன் உண்டு. விலையுயர்ந்த இலை ஒன்றை வாங்கினால், ஒரே ஒரு முறை கொதிநீரில் தயாரித்துச் சுவைத்துப் பாருங்கள். நல்ல இலை கொதிநீரில் துவர்த்தாலும் மணத்தையும் நாவில் நீடிக்கும் இனிமையையும் இழக்காது. 70 டிகிரியில் மட்டுமே வாயில் வைக்க முடிகிற இலை என்றால், அதன் குறையைச் சூட்டின் குறைவு மறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கேள்வி (வாசகி, சென்னை): ஊலாங், வெள்ளைத் தேயிலை, பூஅர், டார்ஜிலிங் ஆகியவை அன்பளிப்பாக வந்துள்ளன. இவற்றுக்கு என்ன சூடு?

பதில்: ஊலாங் என்பது பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தேயிலை. உருண்டையாகச் சுருட்டிய தைவான் ஊலாங் விரிவதற்கே நல்ல சூடு வேண்டும், 95 டிகிரிக்குக் குறையாமல் ஊற்றுங்கள். கறுக்க வறுத்த ஊலாங்கிற்கும், நாட்பட வைத்துப் பதப்படுத்தும் சீனத் தேயிலையான பூஅருக்கும் கொதிநீர்தான். பூஅரை முதலில் கொதிநீரில் ஒரு முறை அலசிக் கொட்டிவிடுவது வழக்கம். சீனத்து முறையில் 100 மில்லிக்கு 5 முதல் 7 கிராம் வரை இலையை நிறைத்து, கொதிநீர் ஊற்றி, பத்து இருபது நொடியில் வடித்துவிடுவார்கள். நேரம் சுருங்கியதால் சூடு கசப்பாக மாறுவதில்லை.

வெள்ளைத் தேயிலையைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மென்மையான மொட்டு என்பதால் 75 டிகிரி போதும் என்பாருண்டு. ஆனால் அது நசுக்கப்படாத, மேலே பூனை மயிர் படர்ந்த மொட்டு. நீர் உள்ளே புகவே நேரமாகும். 85 முதல் 90 டிகிரி நீரில் நான்கு நிமிடம் என்பதே என் தேர்வு. டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு கறுப்புத் தேயிலை என்ற பெயரில் விற்கப்பட்டாலும் இலை பாதி பச்சையாகவே இருக்கும். அதற்கு 85 முதல் 90 டிகிரியும் மூன்று நிமிடமும் வையுங்கள்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): உடல்நலத்திற்காகவே கிரீன் டீ குடிக்கிறேன். சூட்டைக் குறைத்தால் அதன் சத்து இறங்காமல் போய்விடாதா?

பதில்: கேட்டெச்சின்களைத்தான் சத்து என்று குறிப்பிடுகிறீர்கள் என்றால், சூடு குறையும்போது முதல் கோப்பையில் அவை குறைவாகவே இறங்கும் என்பது உண்மை. ஆனால் அவை இலையிலேயே தங்கியிருக்கின்றன. அதே இலையில் இரண்டாவது முறை 85 டிகிரியும் மூன்றாவது முறை 90 டிகிரியும் ஊற்றினால் எஞ்சியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். கசப்பைத் தாங்க முடியாமல் இரண்டு கரண்டி சர்க்கரை சேர்த்துக் குடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். தேநீரை மருந்தாக நினைத்து முகம் சுளித்துக் குடிக்க வேண்டாம். நோய்க்கு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி (வாசகி, காஞ்சிபுரம்): ஒரு முறை கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்கவைக்கக் கூடாது என்கிறார்களே?

பதில்: முதல் கொதியிலேயே கரைந்திருந்த காற்றின் பெரும்பகுதி வெளியேறிவிடுவதால், இரண்டாம் கொதியால் பெரிய இழப்பு நேராது. தண்ணீரின் கடினத்தன்மையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்ட கட்டன் டீயின் மேல் ஆடை போலப் படர்வது, நீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சேர்மங்களோடு சேர்ந்து உண்டாவது. வடிகட்டிய நீரைப் பயன்படுத்துங்கள்; சில துளி எலுமிச்சைச் சாறும் அதை நீக்கிவிடும்.

கேள்வி (வாசகர், கோவை): தயாரிக்கும் சூட்டைச் சொல்கிறீர்கள், குடிக்கும் சூடு எவ்வளவு இருக்கலாம்?

பதில்: உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016-இல் வகைப்படுத்தியது. குறை தேயிலையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. ஆகவே கொதிக்கக் கொதிக்கத் தயாரித்தாலும், இரண்டு மூன்று முறை ஆற்றி, உதடு சுடாத நிலையில் குடிக்க வேண்டும். சுடச்சுடக் குடிப்பதுதான் சுவை என்ற எண்ணமும் தவறானது. 60 டிகிரிக்குக் கீழே வரும்போதுதான் பல தேயிலைகளின் மணமும் இனிமையும் நாவுக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றன.

கேள்வி (வாசகி, வேலூர்): கோடையில் குளிர்ந்த தேநீர் தயாரிக்கிறேன். சூடாகப் போட்டு ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் கலங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அடர்த்தியான கறுப்புத் தேநீர் குளிரும்போது காஃபினும் நிறம் தரும் சேர்மங்களும் பிணைந்து கரையாமல் பிரிவதால் அந்தக் கலங்கல் வருகிறது, சிறிது கொதிநீர் சேர்த்தால் மறுபடி தெளியும். கலங்கலே வேண்டாமென்றால் தொடக்கத்திலிருந்தே குளிர்ந்த நீரைப் பயன்படுத்துங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் முழு இலையைப் போட்டு, மூடி, பச்சைத் தேயிலையை நான்கு மணி நேரமும் கறுப்புத் தேயிலையை எட்டு மணி நேரமும் குளிர்பெட்டியில் வைத்து வடிகட்டினால், துவர்ப்பும் காஃபினும் குறைந்த, தெளிந்த, இனிய தேநீர் கிடைக்கும். வேலூர் வெயிலில் இதை வெளியே வைத்து ஊறவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் கிருமிகள் எளிதில் பெருகும். வடிகட்டியதை ஒரு நாளைக்குள் குடித்துவிடுங்கள். இலையைக் கொட்டிவிட வேண்டாம்; குளிர்ந்த நீர் இறக்காத காஃபினும் துவர்ப்பும் அதில் மிச்சமிருப்பதால், உடனே கொதிநீர் ஊற்றினால் இன்னொரு சூடான கோப்பைக்கு அது தாராளமாகப் போதும்.